‘எதுவரைக்கும்?’ என்று கேட்டால் அது அவிசுவாசமா?

மூத்தவள்:

என் தங்கை போய் ஏழு மாதம் ஆகிறது. வயது 36. மார்பகப் புற்றுநோய், கண்டுபிடித்தபோதே எலும்புக்குப் பரவியிருந்தது. இரண்டு வருடம் சிகிச்சை, அந்த இரண்டு வருடமும் ஜெபம். வீட்டில், சபையில், போனில், நள்ளிரவில், உபவாசத்தோடு, உபவாசமில்லாமல், எத்தனை பேர் ஜெபித்தார்கள் என்று எனக்குக் கணக்கே தெரியாது.

அவளுடைய ஜெப நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பழைய நீளமான கணக்கு நோட்டு. இடது பக்கம் தேதி, நடுவில் விண்ணப்பம், வலது ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக். ஒரு தோழிக்குப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாள், டிக். யாரோ ஒருவருக்கு வேலை, டிக். எனக்கும் என் கணவருக்கும் ஒரு காலத்தில் பெரிய மனத்தாங்கல் இருந்தது, அதற்காகக்கூட எழுதியிருக்கிறாள், எனக்குச் சொல்லவே இல்லை, அதற்கும் டிக். கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில், “எனக்குச் சுகம்” என்று இருக்கிறது. டிக் இல்லை. அந்த இடத்தில் பென்சிலால், கை நடுங்கின எழுத்தில், “எதுவரைக்கும்?” என்று ஒரே ஒரு வார்த்தை.

அந்த வார்த்தையை என்னால் தாண்ட முடியவில்லை.

அவள் இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் ஓர் ஊழியர் பார்க்க வந்தார். ஜெபித்துவிட்டு, “அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பாரம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்று ராத்திரி தூங்கவில்லை. யார் யார் மனதையெல்லாம் நோகடித்திருப்போம் என்று ஒரு பட்டியல் எழுதினாள். மறுநாள் ஒவ்வொருவராகப் போன் செய்து, மூச்சு வாங்க வாங்க, மன்னிப்புக் கேட்டாள். பள்ளியில் கூடப் படித்த ஒருத்தியை 20 வருடம் கழித்துக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணுக்கு எதற்கு மன்னிப்பு என்றே புரியவில்லை. போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆண்டவருக்கு அவள் தேவைப்பட்டாள். திராணிக்கு மேல் சோதிக்க மாட்டார். இதற்கும் ஒரு நோக்கம் இருக்கும். ஒருவர் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று, விசுவாசத்தில் எங்கோ ஓர் ஓட்டை இருந்திருக்கும் என்று இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் கேட்க விரும்புவது இதுதான். அவள் எழுதின “எதுவரைக்கும்?” அவிசுவாசமா? அந்த வார்த்தையோடு அவள் போனது தவறா? அப்புறம், எனக்கு இப்போது ஜெபமே வரவில்லை. முழங்காலில் நிற்கிறேன், வாய் திறக்க மாட்டேன் என்கிறது. நம்பிக்கையோடு இரு என்கிறார்கள். எதை நம்பி? அவள்தான் போய்விட்டாளே. தயவுசெய்து ஒரு வசனத்தைப் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதுங்கள்.

காலை தியானம்:

சகோதரி, உங்கள் துக்கத்தில் பங்கெடுக்கிறேன். உங்கள் தங்கை இப்போது வலியில்லாத இடத்தில் இருக்கிறாள், அதை நினைத்து ஆறுதல் அடையுங்கள். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று ரோமர் 8:28 சொல்கிறது. இன்று நமக்குப் புரியாது, ஒரு நாள் புரியும். கேள்வி கேட்பதை விட்டுவிட்டு ஸ்தோத்திரம் செலுத்த ஆரம்பியுங்கள், பாரம் தானாக இறங்கும். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

மூத்தவள்:

நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் அந்த வசனம் வாழ்த்து அட்டையாக, வாட்ஸ்அப் படமாக, இந்த ஏழு மாதத்தில் என் கைக்குக் குறைந்தது இருபது முறை வந்துவிட்டது. அவள் மகளுக்கு ஒன்பது வயது. அவளிடம் “சகலமும் நன்மைக்கு” என்று சொல்லச் சொன்னால் என் நாக்கு எழாது.

பழைய ஏற்பாடு வாசகன்:

அக்கா, முதலில் அந்தப் பென்சில் வார்த்தை. அது உங்கள் தங்கையின் சொந்த வார்த்தை அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சங்கீதம் 13-ஐ எடுத்துப் பாருங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று ஆரம்பிக்கிறது, முதல் இரண்டு வசனத்துக்குள் அந்த “எதுவரைக்கும்” நான்கு முறை வருகிறது. ஜெப நோட்டு வைத்து, சிவப்புப் பேனாவால் டிக் போடுகிற ஒருத்திக்கு இந்தச் சங்கீதம் தெரியாமல் இருந்திருக்குமா? எழுத முடியாத கையோடு முழுச் சங்கீதத்தையும் ஒரு வார்த்தையில் எழுதிவிட்டாள் என்று நான் வாசிக்கிறேன். டிக் வர வேண்டிய இடத்தில் அவள் இன்னொரு ஜெபத்தை வைத்திருக்கிறாள்.

அதோடு நிற்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 6-ஆம் அதிகாரத்தில் இரத்தசாட்சிகளின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழே இருந்து மகா சத்தமிட்டுக் கூப்பிடுகிறார்கள். என்ன கூப்பிடுகிறார்கள்? “எதுவரைக்கும்?” விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்தவர்கள், தேவனுடைய சந்நிதிக்கே போய்ச் சேர்ந்தவர்கள், அவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். அவர்களை யாரும் அதட்டவில்லை, வாயை மூடுங்கள் என்று சொல்லவில்லை. வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறச் சொல்கிறார்கள். அது அவிசுவாசம் என்றால் பரலோகத்தில் அதற்கு எப்படி இடம் கிடைத்தது?

சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்தான் எண்ணிக்கையில் அதிகம். பெரும்பாலானவை அழுகையில் ஆரம்பித்துத் துதியில் முடியும், சரி. ஆனால் 88-ஆம் சங்கீதம் அப்படி முடிவதில்லை. பாடுகிறவன் இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்கிறான், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்கிறான், சிநேகிதனும் தோழனும் விலகிப்போய், அறிமுகமானவர்கள் மறைந்துபோய், இருட்டோடு பாட்டு முடிந்துவிடுகிறது. கடைசியில் ஒரு அல்லேலூயா சேர்த்து அழகாக முடித்திருக்கலாம், யாரும் சேர்க்கவில்லை, இத்தனை நூற்றாண்டாக அதை அப்படியே ஆராதனையில் வாசிக்கிறார்கள். புலம்பல் புத்தகத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற “அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை” மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது, நட்டநடுவில். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு அதிகாரம் அழுகை. எருசலேம் எரிந்து கிடக்கிறது, புத்தகமே ஒரு கேள்வியோடு முடிகிறது.

இப்போது அந்த ஊழியர். எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள், ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியாது. பிள்ளைகள், சொத்து, உடல்நலம் எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க அவன் நண்பர்கள் வந்தவுடன் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஏழு நாள், ஏழு ராத்திரி, ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தபோதுதான் கெட்டது. குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ என்று அவர்களில் ஒருவனான எலிப்பாஸ் கேட்டான். உங்கள் தங்கையின் கட்டில் பக்கத்தில் கேட்கப்பட்டது அதே கேள்விதான், நூற்றாண்டுதான் வேறு. யோபு அவர்களுக்கு வைத்த பெயர் “காரியத்துக்குதவாத வைத்தியர்கள்”. கடைசியில் கர்த்தர் யாரைக் கடிந்துகொண்டார்? ‘என் பிறந்த நாள் அழியட்டும்’ என்று கத்தினவனை அல்ல. அவரை நியாயப்படுத்தி அழகாகப் பேசின நண்பர்களை. “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை” என்றார். அவர்கள் தப்பிக்க யோபுவே அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியிருந்தது.

இயேசுவிடமும் இதே கேள்வியைக் கொண்டுவந்தார்கள். பிறவிக்குருடன் பக்கத்தில் நிற்கும்போது, யார் செய்த பாவம் என்று கேட்டது வேறு யாருமில்லை, சீஷர்கள். இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படி அல்ல என்றார். இரண்டு இடத்திலும் கதவை அடைத்துவிட்டார். அடைத்த கதவை நாம் ஏன் திரும்பத் திரும்பத் தள்ளுகிறோம் என்று எனக்குப் புரியவே இல்லை.

திராணிக்கு மேல் என்று சொல்கிற வசனம் 1 கொரிந்தியர் 10:13. அது விக்கிரகாராதனை முதலான பாவ இழுப்பைப் பற்றிப் பேசுகிற இடம், நோயைப் பற்றி அல்ல. தாங்க முடியாத சுமை யாருக்கும் வராது என்று பவுல் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. அதே சபைக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், முதல் அதிகாரத்திலேயே, ஆசியாவில் எங்களுக்குப் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்கிறார். பவுலுக்கே திராணிக்கு மேல் போயிருக்கிறது.

காலை தியானம் அண்ணாவுக்கும் ஒரு வார்த்தை. ரோமர் 8:28 எனக்கும் பிடித்த வசனம்தான். ஆனால் 28-க்கு முன்னால் 27 வசனம் இருக்கிறது. 22-இல் சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, 23-இல் நாம் தவிக்கிறோம், 26-இல் ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார். மூன்று பெருமூச்சுகளுக்குப் பிறகு பவுல் ஈனக்குரலில் சொல்கிற வாக்கியம் அது. பெருமூச்சை வெட்டிவிட்டு அதை மட்டும் எடுத்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்குக் கல் மாதிரி விழும்.

அக்கா, முழங்காலில் நிற்கிறேன், வாய் திறக்கவில்லை என்றீர்களே. 26-ஆம் வசனம் அப்படி நிற்கிறவர்களுக்குத்தான். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாதவர்களைப் பற்றித்தான் அங்கே எழுதியிருக்கிறது.

இரவுப் பணி:

நான் கத்தோலிக்கப் பெண், செவிலியர், வலி தணிப்புப் பிரிவில் 11 வருடமாக வேலை செய்கிறேன். மேலே சொன்ன அளவுக்கு விவிலியம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல ஆசை.

அக்கா, நீங்கள் “நம்பிக்கையோடு இரு என்கிறார்கள், எதை நம்பி” என்று கேட்டீர்கள். உங்கள் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 13-இன் கடைசியில் “விசுவாசம், நம்பிக்கை, அன்பு” என்று இருக்கும். எங்கள் திருவிவிலியத்தில் அதே இடம் “நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு” என்று இருக்கிறது. நீங்கள் விசுவாசம் என்பதை நாங்கள் நம்பிக்கை என்கிறோம். நீங்கள் நம்பிக்கை என்பது எங்களுக்கு எதிர்நோக்கு. ஒரே மொழியில் இரண்டு சபை, நடுவில் ஒரு வார்த்தை மாறிப்போய்க் கிடக்கிறது. முதலில் இது எனக்குக் குழப்பமாக இருந்தது, இப்போது பெரிய உதவியாக இருக்கிறது. ஏனென்றால் “நம்பு” என்று சொன்னால் அது நான் செய்ய வேண்டிய வேலை மாதிரி இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அழுத்தி நம்பினால் கிடைத்துவிடும், கிடைக்கவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை என்கிற மாதிரி. எதிர்நோக்கு அப்படி இல்லை. அது ஒரு பக்கமாகத் திரும்பி உட்காருவது. வர வேண்டியவர் இன்னும் வரவில்லை, முகம் மட்டும் அந்தப் பக்கம் இருக்கிறது. 2025 யூபிலி ஆண்டு முழுவதும் எங்கள் கோவில்களில் இந்த வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், அப்போதுதான் எனக்கு இது உறைத்தது.

எங்கள் வார்டில் நம்பிக்கை என்றால் குணமாவது என்று வைத்துக்கொண்டால் நான் முதல் வாரத்திலேயே வேலையை விட்டிருக்க வேண்டும். இங்கே யாரும் குணமாகி வீட்டுக்குப் போவதில்லை. இரவு மூன்று மணிக்கு ஒருவர் கண்ணைத் திறந்து யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பார். இருக்கிறேன் என்போம். அவ்வளவுதான், மறுபடி தூங்கிவிடுவார். ஒரு தாத்தா, ஓய்வு பெற்ற ஆசிரியர், என் சீருடையின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே தூங்குவார். வேறு படுக்கைக்குப் போக வேண்டும் என்றால் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் போர்வையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்து பார்த்தால் போர்வையைப் பிடித்துக்கொண்டிருப்பார். கைதான இரவில், கெத்சமனித் தோட்டத்தில், இயேசு சீடர்களிடம் கேட்டதும் அதைத்தானே, என்னோடு விழித்திருங்கள் என்று. விளக்கம் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் சுடப்பட்டு, அறுவை சிகிச்சை, வலி எல்லாம் கடந்து, 1984-இல் துன்பத்தைப் பற்றியே ஒரு திருத்தூது மடல் எழுதினார். எங்கள் சிற்றாலய அருட்பணியாளர் ஒரு தியானத்தில் அதிலிருந்து எடுத்துச் சொன்னார். இயேசு சொன்ன உவமையில் வருகிற நல்ல சமாரியர் என்றால் யார்? அடுத்தவருடைய துன்பத்தின் அருகே நிற்கிறவர், தாண்டிப் போகாதவர். எனக்கு அது போதும்.

இன்னொன்று. செபம் வரவில்லை என்று நீங்கள் உங்களையே குற்றம் சொல்லாதீர்கள். அன்னை தெரேசாவின் தனிப்பட்ட கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. ஏறத்தாழ ஐம்பது வருடம் அவருக்குள்ளே இருட்டு, கடவுள் இருக்கிற உணர்வே இல்லை என்று ஆன்ம குருக்களுக்கு எழுதியிருக்கிறார். அந்த ஐம்பது வருடமும் காலையில் எழுந்து போய்ச் சாகிறவர்களைத் தூக்கினார். அவரைத்தான் திருச்சபை 2016-இல் புனிதர் என்று அறிவித்தது, அந்தக் கடிதங்களைப் படித்த பிறகு.

மூத்தவள் அக்கா, போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான் என்று எழுதினீர்களே. அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். நீங்கள் அந்த ராத்திரியிலும் மறுநாளும் அங்கே இருந்தீர்கள்.

பிழைத்தவன்:

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கும் புற்றுநோய் வந்தது, ரத்தத்தில். எனக்காகவும் சபை ஜெபித்தது, நான் பிழைத்துக்கொண்டேன், ஆறு வருடம் ஆகிறது. சாட்சி சொல்லச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். உன் விசுவாசம்தான் உன்னைக் காப்பாற்றியது என்றார்கள்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் பயத்தில் அரைப் பைத்தியமாக இருந்தேன். பக்கத்துப் படுக்கையில் 22 வயதுப் பையன், தினமும் காலையில் பாட்டுப் பாடுவான், எனக்கு ஊசி போடும்போது என் கையைப் பிடித்துக்கொள்வான், எனக்கு இருந்ததைவிடப் பத்து மடங்கு விசுவாசம் அவனுக்கு. அவன் போய்விட்டான். நான் மேடையில் நிற்கிறேன். கீழே அவன் அம்மா உட்கார்ந்திருந்தால் நான் என்ன சொல்வேன்?

அன்றிலிருந்து எனக்குத் துணையாக இருப்பது எபிரெயர் 11. விசுவாச வீரர்களின் பட்டியல் என்று எல்லாரும் சொல்கிற அதிகாரம். சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள் என்று வரிசையாக வெற்றியாகவே போய்க்கொண்டிருக்கும், 35-ஆம் வசனத்தின் நடுவில் “வேறுசிலர்” என்று ஒரு வார்த்தை வரும், அங்கே எல்லாம் திரும்பிவிடும். வேறுசிலர் வாதிக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தார்கள். 34-இல் பட்டயத்துக்குத் தப்பினவர்கள், 37-இல் பட்டயத்தால் செத்தவர்கள். 39-இல் இவர்கள் எல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். தப்பினவனுக்கு விசுவாசம் அதிகம், செத்தவனுக்கு ஓட்டை என்று அங்கே இல்லவே இல்லை.

அப்போஸ்தலர் 12-உம் அப்படித்தான். ஏரோது ராஜா, சீஷனான யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான், ஒரே வசனத்தில் முடிந்துபோகிறது. பேதுருவைச் சிறையிலிருந்து தூதன் வெளியே கூட்டிவந்தான், அது பெரிய கதை. யாக்கோபின் அண்ணனோ தம்பியோ யோவான். கதவைத் தட்டின பேதுருவைக் கண்டு எல்லாரும் பிரமித்து நின்றபோது யோவானுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். அந்தப் புத்தகத்தை எழுதின லூக்கா அதை எழுதவில்லை. பவுல்கூட எத்தனையோ பேரைச் சுகமாக்கினவர், கூட இருந்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று போகிறபோக்கில் எழுதுகிறார். முள் என்று அவர் சொன்ன தன் சொந்த வேதனை நீங்க மூன்று முறை கேட்டார், எடுக்கப்படவில்லை. இயேசுவும் கெத்சமனித் தோட்டத்தில், வரப்போகிற பாடு நீங்கட்டும் என்று மூன்று முறை கேட்டார்.

நான் சுகத்துக்காக ஜெபிப்பதை விடவில்லை. இப்போதும் நோயாளிகளுக்காகக் கேட்கிறேன், சத்தமாகவே கேட்கிறேன். ஆனால் மேடையில் சாட்சி சொல்லும்போது அந்தப் பையனைப் பற்றியும் சொல்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

உங்கள் தங்கை தன் நோட்டில் யார் யாருக்கு டிக் போட்டாளோ அவர்களில் என்னைப் போல யாராவது இருப்பார்கள் அக்கா. அவளுடைய ஜெபத்தில் பிழைத்தவர்கள்.

கேட்டுக்கொண்டிருப்பவன்:

நான் மூன்று வருடமாகக் கோவிலுக்குப் போகவில்லை, அதனால் வெளியிலிருந்து கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எல்லாரும் கூட இருக்கிறார், கூட அழுகிறார் என்கிறீர்கள். என் அப்பா ஆறு மாதம் துடித்தபோது கூட அழுவதற்கு நாங்கள் ஐந்து பேர் இருந்தோம், அழ ஆள் தேவைப்படவில்லை. நிறுத்தத்தான் ஒருவர் தேவைப்பட்டார். கடவுளும் நம்மோடு சேர்ந்து அழுதால் யார்தான் கைகொடுப்பது?

இறையியல் மாணவன்:

சகோதரா, இது நியாயமான கேள்வி. இதை மழுப்பக் கூடாது.

யூர்கன் மோல்ட்மன் என்று ஜெர்மானிய இறையியலாளர், 2024-இல் 98 வயதில் இறந்தார். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரத்தின் மேல் குண்டுமழை பெய்தபோது அவருக்கு வயது 17, விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் இருந்தார். பக்கத்தில் நின்ற நண்பன் அந்த இடத்திலேயே சிதறிப்போனான், இவர் பிழைத்தார். பக்தியான குடும்பம் அல்ல. அன்று ராத்திரிதான் வாழ்க்கையில் முதல் முறையாகக் கடவுளே, எங்கே இருக்கிறீர் என்று கூப்பிட்டார். பிறகு போர்க் கைதியாக ஸ்காட்லாந்து முகாமில் இருந்தபோது ஒரு ராணுவப் போதகர் கையில் ஒரு பைபிளைக் கொடுத்தார். புலம்பல் சங்கீதங்களைப் படித்தார். மாற்கு சுவிசேஷத்தில் “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்கிற இடத்துக்கு வந்தபோது, என்னைப் புரிந்துகொள்கிற ஒருவர் இருக்கிறார் என்று தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார்.

கவனியுங்கள், அவர் முதலில் எழுதின பெரிய நூல் துன்பத்தைப் பற்றியது அல்ல, நம்பிக்கையைப் பற்றியது, 1964-இல். சிலுவையைப் பற்றி எழுதினது எட்டு வருடம் கழித்து, 1972-இல். இரண்டும் சேர்ந்துதான் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லப் பார்க்கிறது. சிலுவை மட்டும் இருந்தால் நீங்கள் சொல்வது சரி, கூட அழுகிற ஒருவர், அவ்வளவுதான். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறையில் இயேசு கண்ணீர் விட்டார். ஆனால் கண்ணீரோடு போய்விடவில்லை, கல்லை எடுத்துப்போடச் சொல்லி அவனை உயிரோடு எழுப்பினார். கிறிஸ்தவனுக்கு மரணம் நண்பன் அல்ல, கடைசிச் சத்துரு, 1 கொரிந்தியர் 15:26. ஆண்டவருக்கு அவள் தேவைப்பட்டாள் என்று சொல்வதில் எனக்கு இருக்கிற எரிச்சல் இதுதான், சத்துருவின் வேலையைக் கொண்டுபோய் ஆண்டவர் கையில் கொடுக்கிறோம்.

உங்கள் அப்பாவுக்கு ஏன் நிறுத்தவில்லை என்று எனக்குப் பதில் இல்லை. அகஸ்தின் தீமை என்பது நன்மையின் குறைவு என்றார், இன்னும் பலர் பல விதமாகச் சொன்னார்கள், நான் தேர்வில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஒரு கட்டில் பக்கத்தில் நின்று அதில் ஒன்றையும் என்னால் சொல்ல முடிந்ததில்லை. நான் பிடித்திருப்பது ஒன்றுதான். உயிர்த்தெழுந்த இயேசு, நம்ப மறுத்த சீஷன் தோமாவுக்குக் கையைக் காட்டியபோது ஆணி பாய்ந்த காயம் அதில் இருந்தது. மகிமையான சரீரத்திலும் காயம் ஆறி மறைந்துபோகவில்லை. உங்கள் அப்பா பட்டது ஒன்றுமே இல்லை, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று கடைசி நாளில் யாரும் துடைத்துப்போட மாட்டார்கள் என்று அதை வைத்து நம்புகிறேன். கண்ணீரைத்தான் துடைப்பார் என்று இருக்கிறது.

மூத்தவள் அக்கா, உங்களுக்கு ஒன்று. டீட்ரிக் போன்ஹோஃபர், நாசிகள் 1945 ஏப்ரலில் தூக்கிலிட்ட போதகர், 1943 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சிறையிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். நமக்குப் பிரியமானவர் இல்லாத இடத்தை எதனாலும் ஈடுகட்ட முடியாது, ஈடுகட்டப் பார்க்கவும் கூடாது, கடவுள் அந்த இடத்தை நிரப்புகிறார் என்று சொல்வது தவறு, அவர் அதைக் காலியாகவே வைத்திருக்கிறார், அப்படித்தான் வலியோடாவது அந்த உறவு காக்கப்படுகிறது என்கிற கருத்தில். ஏழு மாதத்தில் அந்த இடம் ஆறவில்லையே என்று யாராவது சொன்னால், ஆற வேண்டியதில்லை.

கேட்டுக்கொண்டிருப்பவன்:

எனக்கு இது முழுதாகப் போதவில்லை. ஆனால் பதில் இல்லை என்று நீங்கள் நேராகச் சொன்னது நல்லது. காயத்தைப் பற்றிச் சொன்னதை யோசிப்பேன்.

காலை தியானம்:

சகோதரி, எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கேள்வி கேட்பதை விட்டுவிடுங்கள் என்று எழுதியதற்கு மன்னியுங்கள். என் மனைவி போனபோது நான் அழவே இல்லை, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அதுதான் சாட்சி என்று நினைத்தேன். எட்டு வருடம் ஆகிறது. நேற்று ராத்திரி 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தேன், இரண்டாம் வசனத்துக்கு மேல் முடியவில்லை.

மூத்தவள்:

காலை தியானம் அண்ணா, மன்னிப்பெல்லாம் வேண்டாம். உங்கள் மனைவிக்காக எனக்கு அழுகை வந்தது. யாருக்காகவோ அழ முடிந்ததே எனக்கு ஏழு மாதத்தில் இதுதான் முதல் முறை.

இன்னும் ஜெபம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று ஒன்று செய்தேன். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, தினமும் இரவு நான்தான் வேதம் வாசித்துக் காட்டுவேன். தங்கை போனதிலிருந்து அம்மா 23-ஆம் சங்கீதத்தைத் தவிர எதையும் கேட்பதில்லை. நேற்று அதை விட்டுவிட்டு 88-ஐ எடுத்து, ஒன்றும் சொல்லாமல், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாசித்தேன். இருட்டில் முடிந்தது. நான் புத்தகத்தை மூடவில்லை, அம்மாவும் ஆமென் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “இதுகூட வேதத்தில் இருக்கிறதா?” என்று கேட்டாள். இருக்கிறதம்மா என்றேன்.

“மறுபடி வாசி” என்றாள்.